செஷன் முடிந்தபின் வரும் அஜாக்ஸ் கோரிக்கை: எங்கே பிடிப்பது?

செஷன், அதாவது லாகின் செய்தவரைச் சர்வர் நினைவில் வைத்திருக்கும் காலம், முடிந்துவிட்டால் லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிடுவது சர்வர்களின் பழைய பழக்கம். முழுப் பக்கம் திறக்கும்போது சரி, பக்கத்தை மாற்றாமல் பின்னணியில் சர்வரிடம் பேசும் அஜாக்ஸில் சரிவராது. 'வேறு முகவரிக்குப் போ' என்னும் 302 பதிலை பிரவுசர் சத்தமில்லாமல் பின்தொடர்ந்து போய், லாகின் பக்கத்தின் எச்டிஎம்எல்லை 200 ('எல்லாம் சரி') என்ற குறியோடு கொண்டுவந்து கொடுக்கும். நம் ஜாவாஸ்கிரிப்ட் அதை வெற்றி என்றே எடுத்துக்கொள்ளும். அட்டவணை வரவேண்டிய இடத்தில் லாகின் படிவம் முளைப்பது இப்படித்தான். இந்த வழி வேண்டவே வேண்டாம்.

பிரவுசரிலேயே டைமர் வைப்பவர்களும் உண்டு. முன்கூட்டியே எச்சரிக்கலாம், அதுவரை நல்லது. ஆனால் லேப்டாப்பை மூடினால் டைமரும் நின்றுவிடும். இன்னொரு பிரவுசர் டேபில் வேலை நடந்தால் சர்வரின் கணக்கோடு ஒத்துப்போகாது.

நான் நம்புவது மூன்றாவது வழி: சர்வர் 401 ('லாகின் தேவை') தரட்டும், பிரவுசர் அதை ஒரே இடத்தில் பிடிக்கட்டும். அஜாக்ஸா இல்லையா என்று கோரிக்கையோடு வரும் தலைப்பை (ஹெடர்) வைத்துக் கண்டுபிடிப்பது முழு நம்பிக்கைக்கு உரியதல்ல. ஜேகுவரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் 'எக்ஸ்-ரிக்வெஸ்டட்-வித்' தலைப்பைத் தானே சேர்க்கும், பிரவுசரிலேயே உள்ள ஃபெட்ச் சேர்க்காது. தரவை மட்டும் தரும் ஏபிஐ முகவரிகளைத் தனியே பிரித்து, அங்கே எப்போதும் 401 என்று வைப்பதே உறுதி. சர்வரில் பிஎச்பியின் லாராவெல் கட்டமைப்பு என்றால் 419-ஐயும் கவனியுங்கள். சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் (கோரிக்கை நம் பக்கத்திலிருந்தே வந்தது என்று காட்டும் ரகசியக் குறி) பொருந்தாதபோது அதுதான் வரும்.

பிடிக்கும் இடம் ஜேகுவரியில் 'அஜாக்ஸ்எரர்', ஆக்சியோஸ் நூலகத்தில் இன்டர்செப்டர் (எல்லாப் பதில்களையும் இடைமறிக்கும் ஃபங்ஷன்). ஃபெட்சில் இரண்டும் கிடையாது. 401 வந்தாலும் அதன் பிராமிஸ் (பின்னால் வரப்போகும் பதிலுக்கான பொருள்) ரிஜெக்ட் ஆகாது, அதாவது தோல்வி என்று சொல்லாது. அதனால் அதைச் சுற்றி நாமே ஒரு ஃபங்ஷன் எழுதி, எல்லா அழைப்பையும் அதன் வழியே அனுப்ப வேண்டும்.

பிடித்த பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் அக்கறை தெரியும். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கணக்கர் அலுவலகத்தை நினைத்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மதிய இடைவேளை இங்கே நீளம். பாதி எழுதிய இன்வாய்ஸைத் திறந்தபடி விட்டுப்போன கிளார்க் அக்கா, திரும்பி வந்து 'சேமி' என்று அழுத்துகிறார். செஷனின் ஆயுள் பிஎச்பியின் இயல்பு அமைப்பில் 1440 விநாடி, ஜாவா சர்வரான டாம்கேட்டில் 30 நிமிடம்; எதுவானாலும் செஷன் போயிருக்கும். அவரை லாகின் பக்கத்துக்குத் தள்ளினால் எழுதியதெல்லாம் போச்சு. அதே திரையில் சின்னப் பெட்டியில் கடவுச்சொல் கேட்டு, கோரிக்கையைக் காத்திருக்க வைத்தால் ஒரு வரியும் அழியாது.

ஒரே நேரத்தில் நான்கு கோரிக்கைகள் 401 வாங்கினாலும் ஒரே பெட்டிதான் திறக்க வேண்டும். நான்கும் ஒரே பிராமிஸுக்குக் காத்திருக்கட்டும். திரும்ப அனுப்புமுன் புது சிஎஸ்ஆர்எஃப் டோக்கனை மாற்றுங்கள். அலுவலகக் கணினியில் வேறு ஆள் லாகின் செய்திருந்தால், காத்திருந்தவற்றை அனுப்பாமல் விட்டு, பக்கத்தையே புதிதாகத் திறக்க வேண்டும்.