கம்போஸ்ட் டீ: ஐப்பசில இருந்து தை வரைக்கும் ஊத்திப் பாத்ததுல

ஏர் பம்பு விலை குறைஞ்சிருக்கு, கம்போஸ்ட் டீ (மக்குன உரத்தத் தண்ணில ஊறப்போட்டுக் காத்தடிச்சு எடுக்குற கரைசல்) போடலாமாப்பான்னு தேவகோட்டை அண்ணன் ஒருத்தர் நேத்து போன்ல கேட்டாக. அவுகளுக்குச் சொன்னதை இங்கயும் எழுதிடுறேன்.

போடுற விதம்லாம் தெரிஞ்சதுதான், 20 லிட்டர் வாளி, ஒரு கிலோ மண்புழு உரம், கொஞ்சூண்டு நாட்டுச்சர்க்கரை, மீன்தொட்டி பம்பு, ஒரு நாள் முழுக்கக் குமிழி வரணும். குழாய்த் தண்ணில குளோரின் இருக்கும், அதனால முத்தத்துத் தகரத்துல வடியிற மழைத் தண்ணிதான் நான் எடுக்குறது. ஐப்பசி கார்த்திகைல இலைல அடிக்கிறது வீண், சாயங்காலம் அடிச்சா ராத்திரி மழை கழுவிட்டுப் போயிரும், அந்த ரெண்டு மாசமும் தூர்ல மட்டும் ஊத்துனேன்.

மார்கழில அவரைக் கொடியப் பாத்து எனக்கே நம்ப முடியல. காரைக்குடிச் செம்மண்ணு தண்ணியும் நிறுத்தாது சத்தும் நிறுத்தாது, அதுல இலை ஒவ்வொண்ணும் உள்ளங்கை அகலம், கணுவுக்குக் கணு பூ, பக்கத்து வீட்டு ஆச்சி வந்து என்னத்தப்பா போட்டேன்னு கேட்டுட்டுப் போனாக. அசுவினியும் சாம்பல் நோயும் வரத்தான் செஞ்சுச்சு, அதை இது நிறுத்தும்னு யாரும் நம்பிறாதீங்க. வெல்லம் சர்க்கரை போட்டு ஊற வச்சா கெட்ட கிருமியும் சேந்து வளர வாய்ப்பிருக்கு, அதனால பச்சையா திங்கிற கொத்தமல்லி புதினா மேல அடிக்கவே கூடாது.

ஆனா அந்த ஸ்ப்ரேயர் இருக்கே! காட்டன் சேலைய ரெண்டு மடிப்பா மடிச்சு வடிகட்டியும் நாலு செடி தாண்டுறதுக்குள்ள நாசில் அடைச்சிக்கிரும். கழட்டிப் பாத்தா பாதிக் கடுகு அளவுகூட இருக்காது, உரத்துல கெடந்த ஒரு தேங்காய் நார்த் துணுக்கு, துடைப்பக் குச்சிய விட்டுக் குத்தி எடுத்து மாட்டுனா அடுத்த செடில மறுபடி அடைப்பு, கையெல்லாம் வழவழன்னு. இன்னும் நெருக்கமா நெஞ்ச துணில வடிச்சா நல்லது பண்ற பூஞ்சை இழையும் துணிலயே தங்கிரும், அப்புறம் எதுக்கு இவ்ளோ பாடு? சரி நாளைக்கு அடிச்சுக்கலாம்னும் விட முடியாது, பம்பை நிறுத்திட்டா நாலு மணி நேரத்துக்குள்ள தீத்துறணும், இல்லன்னா ஆக்சிஜன் போயி சாக்கடை நாத்தம் வந்துரும். இருட்டுற நேரத்துல போன் லைட்ட வச்சுக்கிட்டு நாசிலக் குத்திக்கிட்டு நிக்கிற கடுப்பு அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும், அதுவும் நடுவுல கரண்ட் போயி குமிழி நின்னு மொத்த வாளியும் கெட்டுப்போன அன்னைக்கெல்லாம் பம்பையே தூக்கி வீசலாம்னு இருந்துச்சு.

அதனால அண்ணே, வாங்காதீங்க. அவரை அப்படிக் காய்ச்சது உண்மை, நான் இல்லைங்கல, ஆனாலும் டீல இருக்கிற சத்து கம்மிதான், அதே ஒரு கிலோ உரத்தத் தூர்ல போட்டு மேல சருகப் பரப்புனா ஈரமும் நிக்கும். அடுத்த ஐப்பசிக்கு நான் அதைத்தான் பண்ணப் போறேன். அப்படியும் ஆசையா இருந்தா ஸ்ப்ரேயர் மட்டும் வேணாம், மக்குல மோந்து தூர்ல ஊத்துங்க, பம்பு என்கிட்ட சும்மாதான் கெடக்கு, வந்து எடுத்துக்கங்க.