மல்லிகையில் வெள்ளைப் பூச்சு: நனையும் கந்தகமா, வேப்பெண்ணெயா?

மல்லிகையின் இலையிலும் இளந்தண்டிலும் மொட்டிலும் வெள்ளைக் கம்பளி ஒட்டியதுபோல் மயிர்ப்படலம் தோன்றி, கொழுந்து குறுகிப் போனால், அதைப் பலர் பூஞ்சை என்றே எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் அது கண்ணுக்குத் தெரியாத ஒருவகைச் சிலந்திப்பேன் சாறு உறிஞ்சுவதால் இலையே வளர்த்துக்கொள்ளும் மயிர்; விரலால் தேய்த்தால் சாம்பல் நோய் என்னும் பூஞ்சையின் பொடியைப்போல் உதிராது. இதற்கு நனையும் கந்தகமோ (தண்ணீரில் கலக்கும் கந்தகத் தூள்) வேப்பெண்ணெயோ தெளிக்கலாம். எதைத் தெளித்தாலும், பாதித்த கிளைகளை முதலில் வெட்டி அப்புறப்படுத்த வேண்டும்.

வேகம்: கந்தகம் பேனை நேரடியாகக் கொல்லும். வேப்பெண்ணெய் மெதுவாகவே அடக்கும். ஆகவே அடிக்கடி தெளிக்க வேண்டியிருக்கும்.

எளிமை: கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் கரைத்தால் போதும். எண்ணெய் தண்ணீரில் கலக்காது என்பதால், லிட்டருக்கு 5 மில்லியுடன் சிறிது காதி சோப்புக் கரைசலும் சேர்த்து, இடையிடையே குலுக்கியபடியே தெளிக்க வேண்டும்.

ஆபத்து: இதைத்தான் நான் பெரிதாகக் கருதுகிறேன். சித்திரை வெயிலில் கந்தகம் இலையைக் கருக்கிவிடும். எண்ணெய் தெளித்து இரண்டு வாரம் ஆவதற்குள் கந்தகம் தெளித்தாலும் அதே கதிதான். எண்ணெயையும் மாலையில் தெளிப்பதே நல்லது.

செடி முழுவதும் பூச்சு பரவியிருந்து, வெயிலும் தணிந்திருந்தால் கந்தகமே சரி. நாள்தோறும் பூப்பறிக்கும் ஓரிரு தொட்டிச் செடிகளில் தொடக்கநிலைத் தாக்குதல் என்றால், பறித்து முடித்தபின் தெளிக்க வேப்பெண்ணெய் போதும்.