நிலவேம்பு ஆய்வுக்கு ஆயத்த டிஎல்சி தகடுகள்: ஒரு மதிப்பீடு

மெல்லடுக்கு நிறப்பகுப்புக்கு (டிஎல்சி: தகட்டின் பூச்சில் கரைப்பானை ஏறவிட்டுச் சாற்றின் சேர்மங்களைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிக்கும் முறை) சிலிக்கா ஜெல் ஜி தூளை நீரில் குழைத்துக் கண்ணாடித் தகட்டில் ஊற்றிக் காயவைக்கும் வழக்கம் நம் கல்லூரி ஆய்வகங்களில் இன்றும் உண்டு. அதற்கு மாற்றாக, அலுமினியத் தாளின்மீது 0.2 மி.மீ. தடிமனில் சிலிக்கா ஜெல் 60 எஃப்254 (புறஊதா ஒளியில் ஒளிரும் பொருள் கலந்தது) பூசி விற்கப்படும் ஆயத்தத் தகடுகளை நிலவேம்பு இலைச் சாற்றைப் பகுப்பதற்குப் பயன்படுத்திவருகிறேன். மூலிகை இலைகளில் ஆய்வைத் தொடங்கும் மாணவர்கள் விலை கருதித் தயங்காமல் இவற்றை வாங்கலாம்.

நிலவேம்பின் கசப்புக்கு முதன்மைக் காரணமான ஆண்ட்ரோகிராஃபோலைடு என்னும் டைட்டர்பீன் லாக்டோன் வகைச் சேர்மம் அதன் இலைகளில் மிகுந்துள்ளது. உலர்ந்த இலைத் தூளை மெத்தனாலில் ஊறவைக்கும்போது பச்சையமும் உடன் கரைந்து வந்துவிடுவதால், சிலிக்கா நிரப்பிய கண்ணாடிக் குழாய் வழியே சாற்றைச் செலுத்திப் பல பகுதிகளாகச் சேகரித்து, எந்தப் பகுதியில் எது வந்தது என்று தகட்டில் பார்க்க வேண்டியிருக்கிறது. கையால் வார்த்த தகடுகளில் பூச்சு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருப்பதால் ஒரே சேர்மத்தின் ஆர்எஃப் மதிப்பு (கரைப்பான் ஏறிய தொலைவில் சேர்மம் ஏறிய தொலைவின் பங்கு) தகட்டுக்குத் தகடு மாறும். ஆயத்தத் தகட்டின் பூச்சு சீரானது. குளோரோஃபார்மும் மெத்தனாலும் 9:1 விகிதத்தில் கலந்த கரைப்பானில் ஓடவிட்டால், பச்சையம் மேலேறிவிட, ஆண்ட்ரோகிராஃபோலைடு அதற்குக் கீழே தனித்து நிற்கிறது.

254 நானோமீட்டர் புறஊதா ஒளியில் தகடு பச்சையாக ஒளிர, அவ்வொளியை உறிஞ்சும் சேர்மங்கள் கரும்புள்ளிகளாகத் தெரியும். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஆண்ட்ரோகிராஃபோலைடு 225 நானோமீட்டரை ஒட்டியே அதிகம் உறிஞ்சுவதால் அதன் புள்ளி அளவுக்கேற்ற கருமையைக் காட்டாது. 250 நானோமீட்டரை ஒட்டி உறிஞ்சும் அதன் உறவுச் சேர்மமொன்று சிறிதளவே இருந்தாலும் கருத்துத் தெரியும். ஆகவே புள்ளிகளுக்கு நிறமூட்டும் வனிலின்–கந்தக அமிலம் தெளித்துச் சூடாக்கியும் பார்க்க வேண்டும்; அலுமினியத் தாள் அந்த வெப்பத்தைத் தாங்குவது பெரிய நன்மை.

உயிர்ச்செயல் சோதனையின் முதற்படியையும் இதே தகட்டில் செய்யலாம். டிபிபிஎச் என்னும் ஊதா நிறச் சேர்மத்தின் கரைசலைத் தெளித்தால் ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள் ஊதாப் பின்னணியில் மஞ்சளாக வெளிப்படும். நிலவேம்பில் அப்படி வெளிப்படுபவை பெரும்பாலும் ஃபிளேவனாய்டுகள் போன்ற ஃபீனாலிகச் சேர்மங்களே. ஃபீனால் தொகுதியற்ற ஆண்ட்ரோகிராஃபோலைடு இச்சோதனையில் சோபிக்காது. அதன் அழற்சித் தடுப்புச் செயலோ அழற்சிக்கான மரபணுக்களை இயக்கும் என்எஃப்-கப்பா-பி புரதத்தின் பி50 கூறில் உள்ள சிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்துடன் பிணைவதைச் சார்ந்தது. மஞ்சள் புள்ளியை மட்டும் நம்பி முதன்மைச் சேர்மத்தை ஒதுக்கும் ஆய்வேடுகளைக் காணும்போது வருத்தமாகவே இருக்கிறது.

ஒரு கரைப்பானில் ஒற்றைப் புள்ளி தெரிந்தால் சேர்மம் தூயது என்று எழுதிவிடக் கூடாது. அதற்கு எச்பிஎல்சியும் (உயர்திறன் நீர்ம நிறப்பகுப்பு) என்எம்ஆரும் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) வேண்டும். மழைக்காலத்தில் சிலிக்கா ஈரத்தை உறிஞ்சும் என்பதால், பயன்படுத்துமுன் 110 டிகிரி செல்சியஸ் அடுப்பில் அரை மணி நேரம் வைப்பது நல்லது. இருபது செ.மீ. சதுரத் தாளைக் கத்தரிக்கோலால் 5 × 2 செ.மீ. துண்டுகளாக வெட்டினால் 40 தகடுகள் கிடைக்கின்றன. அப்படிக் கணக்கிட்டால் ஒரு சோதனைக்கான செலவு சிறிய ஆய்வகத்துக்கும் கட்டுப்படியாகும்.