சவுண்ட்போர்டா, ஆடியன்ஸ் டேப்பா?

கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் கச்சேரி ஒன்றுக்கு இரண்டு பதிவும் கிடைத்தால் எதை எடுப்பது?

சவுண்ட்போர்டு, மேடை ஒலிகளைக் கலக்கும் மிக்ஸரிலிருந்து நேராக வருவது. பாஸின் ஒவ்வொரு சுரமும் தெளிவு. குழுவின் ஒலிப்பதிவாளர் பெட்டி கேன்டர்-ஜாக்சன் பதிவுசெய்த 1977 மே 8 கார்னெல் பல்கலைக்கழகக் கச்சேரியைக் கேட்டால் புரியும். ஆனால் சிறிய அரங்குகளில் கிட்டார் ஆம்ப்ளிஃபையரின் சத்தமே போதும் என்பதால் மிக்ஸரில் அதைக் குறைத்துவிடுவார்கள். டேப்பில் குரல் தூக்கலாகவும் கிட்டார் மங்கலாகவும் விழும்.

ரசிகர்கள் கூட்டத்தில் மைக் வைத்து எடுக்கும் ஆடியன்ஸ் டேப்பில் அரங்கமே ஒலிக்கும், பக்கத்து ஆளின் அரட்டை உட்பட! மேடையிலேயே கற்பனையாக நீட்டி வாசிக்கும் ஜாமுக்கு நான் இதன் கட்சி.

இரண்டையும் கலந்த மேட்ரிக்ஸும் உண்டு. கூட்டத்திலுள்ள மைக் மேடையிலிருந்து 30 மீட்டர் தள்ளியிருந்தால் ஒலி சுமார் 87 மில்லிசெகண்ட் பிந்தும். அதைச் சரிசெய்தாலும், இரு பதிவு மெஷின்களின் வேகம் சற்றே வேறுபடுவதால் போகப்போக விலகும். பாட்டுக்குப் பாட்டு மறுபடி பொருத்த வேண்டும்.