மஞ்சக்குப்பம் மனநல மருத்துவமனையில் என் தங்கைக்குக் கிடைத்த சிகிச்சை

பிரசவமான பத்தாம் நாள், பிள்ளையைத் தீமையிலிருந்து காப்பாற்றச் சொல்லி ஒரு குரல் தன்னை ஏவுவதாகக் கூறி இரவெல்லாம் உறங்காதிருந்த என் தங்கையை, கடலூர் மஞ்சக்குப்பத்திலுள்ள ஒரு தனியார் மனநல மருத்துவமனையில் சேர்த்தோம். உறவினர்கள் மந்திரிக்கச் சொன்னார்கள். அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற இலவச எண்ணில் பேசியவர்தான் ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம் என்றார்.

குழந்தை இப்போது யாரிடம் இருக்கிறது என்பதே மருத்துவரின் முதல் கேள்வி. ஆயிரம் பிரசவங்களில் ஓரிருவருக்கு வரும் இந்த மனப்பிறழ்வில், குழந்தையைக் காப்பதாக நம்பியே தாய் அதைக் கொன்றுவிடும் ஆபத்து உண்டு என்பதை அவர் மறைக்காமலும், அவளைக் குற்றவாளியாக்காமலும் விளக்கினார். 2001இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் தம் ஐந்து குழந்தைகளைக் கொன்ற ஆண்ட்ரியா யேட்ஸ், மனநோயின் காரணமாகக் குற்றவாளி அல்லர் என்று 2006 மறுவிசாரணையில் தீர்ப்பானதை நான் முன்பே படித்திருந்தேன். படித்தபோது அந்தத் தாயை வெறுத்ததற்காக அன்று மிகவும் வருந்தினேன்.

செவிலியர்களின் பரிவுக்குக் குறையில்லை. ஆனால் பெங்களூருவிலுள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில் உள்ளதுபோல் தாயும் சேயும் கண்காணிப்பில் சேர்ந்து தங்கும் பிரிவு இங்கே இல்லாததால், குழந்தை மூன்று வாரம் எங்கள் அம்மாவிடம் புட்டிப்பாலில் வளர்ந்தது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைத் தாயிடமிருந்து இயன்றவரை பிரிக்கக்கூடாது என 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்லும்போது, ஓர் அறையாவது ஒதுக்கியிருக்கலாம். இப்போது தங்கை மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறாள். குழந்தையைக் குளிப்பாட்டும்போது அம்மா பக்கத்திலேயே இருக்கிறார்.