ஜிஆர்86-க்கு மாற்று டயர்: 225/40 ஆர்18-இல் எதை வாங்கலாம்?

டொயோட்டா ஜிஆர்86-ஐ 18 அங்குல ரிம்மோடு வாங்கியவர்களுக்கு ஷோரூமிலிருந்தே மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4 கிடைத்திருக்கும். அளவு 215/40 ஆர்18: அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 40 சதவீதம், ரிம் 18 அங்குலம். நல்ல டயர். சிக்கல் அது தேய்ந்த பிறகுதான். இந்த அளவு அதிகம் புழங்குவதில்லை. கடைக்குப் போனால் கையில் எண்ணக்கூடிய மாடல்களே இருக்கும். 225/40 ஆர்18 அப்படியல்ல. ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ போன்ற கார்களால் பரவலான அளவு அது, பெரிய நிறுவனங்கள் எல்லாமே போடுகின்றன. எனவே முதல் பரிந்துரை பிராண்டைப் பற்றியதல்ல, அளவைப் பற்றியது: 225-க்கு மாறுங்கள்.

கணக்கும் இதற்கு இடம் கொடுக்கிறது. 215/40 டயரின் விட்டம் 629 மில்லிமீட்டர், 225/40-இன் விட்டம் 637. வித்தியாசம் 1.3 சதவீதம்தான். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி முன்பைவிட ஒரு கிலோமீட்டர் சொச்சம் வேகமாக ஓடும், அவ்வளவே. ஒரிஜினல் ரிம் 7.5 அங்குல அகலம், ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது வண்டியில் பொருந்தும் முகம் வரையுள்ள தூரம்) 48 மில்லிமீட்டர். அதில் 225 எங்கும் உரசாமல் உட்காரும். சுமை எண் 85-க்குப் பதில் 92 கிடைக்கிறது, அதாவது ஒரு டயருக்கு 515 கிலோவுக்குப் பதில் 630 கிலோ. இதன் இரட்டைப் பிறவியான சுபாரு பிஆர்இசட் காருக்கும் இதே கணக்கு.

இனி டயர்கள். மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4 எஸ் 2017-இல் வந்தது. வயதாகிவிட்டது என்று ஒதுக்கத் தேவையில்லை. வெளிப்பக்கத் தோளில் (டயரின் ஓர விளிம்பில்) காய்ந்த சாலைக்கான ஒரு ரப்பர் கலவை, உட்பக்கம் ஈரத்துக்கான சிலிக்கா கலவை என இரண்டு கலவைகள். இந்தக் காருக்கு அது பொருந்துவதற்குக் காரணம் பிடிமானத்தின் அளவு மட்டுமல்ல, பிடி விடும் விதமும்தான். ஜிஆர்86 பின்சக்கர வண்டி, எடை சுமார் 1,300 கிலோ, பின்புறம் லேசாக நழுவுவதை ரசிப்பதற்கென்றே செய்த கார். நழுவப் போவதை 4 எஸ் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் நழுவும். ஓட்டுபவருக்கு ஸ்டீயரிங்கைத் திருத்த நேரம் இருக்கும்.

அமெரிக்கா, கனடாவில் இருப்பவர்களுக்கு கான்டினென்டல் எக்ஸ்ட்ரீம்கான்டாக்ட் ஸ்போர்ட் 02-தான் எங்கள் தேர்வு. பொதுவாக மிஷலினைவிட விலை குறைவு, மழையில் அபாரம். ஸ்டீயரிங்கின் முதல் அசைவுக்கு மிஷலின் காட்டும் கூர்மை இதில் ஒரு மாற்றுக் குறைவுதான். தினமும் வேலைக்குப் போய்வந்து, வாரக் கடைசியில் மலைப்பாதைக்கு ஏறுகிறவர் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ஐரோப்பாவில் இந்த மாடல் இல்லை, அங்கே ஸ்போர்ட்கான்டாக்ட் 7-ஐப் பாருங்கள். பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்சா ஸ்போர்ட்டும் காய்ந்த சாலையில் பிரமாதமான டயர். ஆனால் சீக்கிரம் தேய்வதில் அது மிஷலின், கான்டினென்டல் இரண்டுக்கும் பின்தங்குகிறது.

பக்கச்சுவரில் உள்ள ட்ரெட்வேர் எண்ணை (தேய்மானத் தர எண்; கூடினால் மெதுவாகத் தேயும் என்று பொருள்) வைத்து ஆயுளைக் கணக்குப் போடாதீர்கள். 4 எஸ்-இல் 300, ஸ்போர்ட் 02-இல் 340 என்று இருக்கும். அந்த எண்ணைக் கொடுப்பது டயர் நிறுவனமேதான். ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை ஒப்பிட அது உதவும். ஒரு நிறுவனத்தின் 300-ஐ இன்னொன்றின் 340-ஓடு வைத்துப் பார்த்தால் ஏமாறுவீர்கள். பெயரிலும் கவனம் வேண்டும். 2022-இல் வந்த பைலட் ஸ்போர்ட் 5, பைலட் ஸ்போர்ட் 4-இன் வாரிசு. 4 எஸ்-இன் வாரிசு அல்ல. எண் பெரிது என்பதற்காக 4 எஸ்-ஐ விட்டு அதை வாங்கினால் ஒரு படி கீழே இறங்கியதாக ஆகும்.

டிராக்குக்கும் போகிறவர்கள் அடுத்துக் கேட்பது ட்ரெட்வேர் 200 வகை டயர்கள்: பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்இ-71ஆர்எஸ், யோகோஹாமா அட்வான் நியோவா ஏடி09. சூடேறிய பிறகு இவற்றின் பிடி வேறு ரகம். விலையும் அதற்கேற்ப உண்டு: சீக்கிரம் தேயும், நெடுஞ்சாலையில் இரையும், தண்ணீர் தேங்கிய சாலையில் மிதக்கத் தொடங்கிவிடும். இந்த காருக்கென்றே இன்னொரு விஷயம் இருக்கிறது. ஒட்டும் டயரோடு நீண்ட வலது வளைவுகளைப் பிடிக்கும்போது எஞ்சின் ஆயில் பிரஷர் சரிவதை, தனி மீட்டர் பொருத்திய டிராக் ஓட்டுநர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். டயரின் பிடி கூடினால் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும் விசையும் கூடும். 200 டயர் வாங்க நினைத்தால் ஆயில் பிரஷர் மீட்டரையும் சேர்த்தே பட்ஜெட்டில் எழுதுங்கள்.

மேலே சொன்ன எல்லாமே கோடை டயர்கள். 7 டிகிரிக்குக் கீழே ரப்பர் இறுகி, பிடி வேகமாகக் குறையும். டொராண்டோ, மாண்ட்ரியல் பக்கம் இருப்பவர்கள் இரண்டாவது செட்டாக பனிக்கால டயரும் தனி ரிம்மும் வைத்திருப்பதே வழி. அதைவிடக் குளிரில், சுமார் மைனஸ் 7 டிகிரிக்குக் கீழே, ரப்பர் விரிசல் விடக்கூடும் என்று மிஷலினே எச்சரிக்கிறது. வெறும் ஷெட்டில் கிடந்த டயரை ஜனவரியில் தூக்கிப் போடாதீர்கள், உருட்டாதீர்கள். சூடான அறைக்குக் கொண்டுவந்து ஒரு நாள் விடுங்கள்.

பழைய டயரைக் கழற்றும் முன் அதைத் தடவிப் பாருங்கள். உள்ளங்கையை ட்ரெட்டின் (சாலையைத் தொடும் பரப்பின்) குறுக்கே வெளியிலிருந்து உள்ளே இழுங்கள், பிறகு உள்ளேயிருந்து வெளியே. ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் ரம்பப் பல் போலக் கீறுவதாகவும் இருந்தால் டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் கோணம்) தவறு. முன் டயரின் வெளித்தோள் மட்டும் மொட்டையாகியிருந்தால் கேம்பர் (சக்கரத்தின் மேற்பகுதி உள்பக்கம் சாய்ந்திருக்கும் கோணம்) போதவில்லை. ஒரிஜினல் அமைப்பில் முன் கேம்பர் கிட்டத்தட்ட பூஜ்ஜியம். வளைவுகளை விரும்பி ஓட்டுகிறவர்கள் முன் சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டில் கேம்பரைக் கூட்டும் போல்ட் போட்டு, புது டயர் ஏறும் அன்றே அலைன்மென்ட் செய்துவிட வேண்டும். அதை விட்டுவிட்டால் எவ்வளவு விலை கொடுத்த டயரும் பழைய டயர் தேய்ந்த அதே இடத்தில்தான் தேயும்.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை சில உண்டு. பக்கச்சுவரில் ‘DOT’ என்று தொடங்கும் டாட் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் ஆண்டும். 2325 என்றால் 2025-இன் 23-ஆவது வாரம். நான்கும் கிட்டத்தட்ட ஒரே காலத்தவையா என்று பாருங்கள். பக்கச்சுவரில் ‘அவுட்சைட்’ என்று அச்சிட்ட முகம் வெளியே இருக்க வேண்டும். ஒன்று மாறி ஏறினாலும் கார் மழையில் ஒரு மாதிரி நடந்துகொள்ளும், காரணமும் லேசில் பிடிபடாது. பிரஷர் சென்சார் உள்ள வால்வுக்குப் புது சீல் கேளுங்கள். இரண்டு டயர் மட்டும் போட்டால் போதாதா என்றால், இந்தக் காரில் வேண்டாம். பின்னால் டார்சன் டிஃப்ரன்ஷியல் (இரு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பகிர்ந்து, ஒன்று மட்டும் வீணாகச் சுழல்வதைத் தடுக்கும் பற்சக்கர அமைப்பு) இருக்கிறது. இடது வலது டயர்களின் விட்டம் மாறினால் நேர்சாலையிலும் அது ஓயாமல் வேலை செய்யும். முன்னும் பின்னும் வெவ்வேறு டயர் என்றால் காரின் சமநிலை போய்விடும்.

நட்டுகளை நியூமேட்டிக் கன்னால் அடித்து முடித்துவிட விடாதீர்கள். எம்12×1.25 மறை (12 மில்லிமீட்டர் தடிமன், 1.25 மில்லிமீட்டர் இடைவெளி) கொண்ட போல்ட் இழுபட்டுவிடும். கையால் ஏற்றி, நட்சத்திர வரிசையில், டார்க் ரெஞ்சில் 120 நியூட்டன் மீட்டர். 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறை மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

தயாரிப்பின்போது வார்ப்பு அச்சிலிருந்து டயரை எடுக்கப் பூசும் வழுவழுப்பு மேற்பரப்பில் கொஞ்சம் தங்கியிருக்கும்; முதல் 300 கிலோமீட்டர் நிதானம் தேவை. காற்றழுத்தத்தை ஓட்டுநர் கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ளபடி, டயர் குளிர்ந்திருக்கும் காலையில் வையுங்கள். வெப்பநிலை 5.5 டிகிரி ஏறினால் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ ஏறும். மதியம் நெடுஞ்சாலையிலிருந்து இறங்கியதும் அளந்து, கூடுதலாகத் தெரிவதை வெளியேற்றினால் மறுநாள் காலையில் அழுத்தம் குறைந்துபோய்த் தோள்கள் தேயும். நான்கும் ஒரே அளவு என்பதால் 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னதைப் பின்னால் மாற்றலாம். சட்டப்படி பல இடங்களில் 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம் என்றாலும், மழை பெய்யும் ஊரில் 3 மில்லிமீட்டரிலேயே அடுத்த செட்டுக்கு ஆர்டர் போட்டுவிடுங்கள்.