காங்கர் விலாங்கு பிடிக்க ராத்திரிப் பயணம்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

இங்கிலாந்தின் தென்மேற்கில், பிளிமத் பக்கம், காங்கர் என்கிற பெரிய கடல் விலாங்கைக் கரையில் நின்றபடியே பிடிக்க வைக்கிறேன் என்று ஒருவர் ஃபேஸ்புக் குழுக்களில் விளம்பரம் போட்டு வருகிறார். தூண்டில், இரை, அனுமதி எல்லாம் என் பொறுப்பு, வெறுங்கையோடு வந்தால் போதும் என்பார். நானும் என் மச்சானும் ஆளுக்கு 90 பவுண்டு கட்டிப் போனோம். கோடையில் அந்தக் கரைக்குப் போகிற நம்மவர்கள் நிறையப் பேர். இன்னொரு குடும்பம் இவரிடம் மாட்டக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் ஏமாற்று, அனுமதிக் கட்டணம். கரையில் போய் இறங்கிய பிறகு, "ஈல் பிடிக்க லைசென்ஸ் கட்டாயம்" என்று சொல்லி ஆளுக்கு 15 பவுண்டு ரொக்கமாக வாங்கிக்கொண்டார். ரசீது கிடையாது. இது சுத்தப் பொய். இங்கிலாந்தில் கரையிலிருந்து தூண்டில் போட்டுக் கடல் மீன் பிடிக்க லைசென்ஸே வேண்டாம். அரசின் சுற்றுச்சூழல் முகமை கொடுக்கும் ராடு லைசென்ஸ் (ராடு என்றால் தூண்டில் கோல்), ஆறு குளத்து மீன்களுக்கும் சால்மனுக்கும் ஆற்று விலாங்குக்கும்தான். அதையும் அவரவர் பெயரில்தான் எடுக்க வேண்டும், எவரும் கரையில் நின்று காசுக்கு விற்க முடியாது. ஆற்று விலாங்கு அருகிவரும் இனம், தூண்டிலில் பட்டால் திருப்பி விட்டே ஆக வேண்டும். காங்கர் வேறு இனம். இரண்டுக்கும் ஈல் என்ற பெயர் பொதுவாக இருப்பதை வைத்துத்தான் அவர் காசு பார்க்கிறார். சில துறைமுக மேடைகளில் நாள் கட்டணம் உண்டு. அது இடத்துக்குச் சொந்தக்காரர் வாங்குவது.

பணத்தைக்கூட விட்டுவிடலாம். அவர் கொடுத்த தூண்டிலைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

காங்கர் பகலில் பாறை இடுக்கிலும் பழைய துறைமுகச் சுவர்ப் பொந்திலும் முடங்கிக் கிடக்கும். இருட்டியதும் இரை தேடி வெளியே வரும். பல் நீளமாக இருக்காது, ஆனால் நெருக்கமாக வரிசை கட்டி நிற்கும், தாடை இரும்புப் பிடி. கடித்ததும் வாலைப் பாறையில் கொடுத்துப் பின்னால் இழுக்கும், உடம்பை முறுக்கிச் சுழலும். அதனால் தூண்டில் முள்ளைக் கட்டுகிற கடைசி நரம்பு (தூண்டில் இழை), டிரேஸ் என்பார்களே, அது 150 முதல் 200 பவுண்டு எடை தாங்கும் தடித்த நரம்பாகவோ கம்பியாகவோ இருக்க வேண்டும். மீன் சுழலும்போது நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் இருக்க நல்ல சுழல் வளையம் வேண்டும். ஈயக்கட்டியைத் தனியாக ஒரு மெல்லிய நரம்பில் தொங்கவிட வேண்டும். பாறையில் சிக்கினால் ஈயம் மட்டும் அறுந்து போகும், மீன் வந்துவிடும்.

எங்களுக்குக் கிடைத்தது சாதாரணச் சின்ன மீனுக்குக் கட்டும் நரம்பு. ஈயமும் அதே நரம்பில்தான். இரைக்குக் கொடுத்த மாக்கரல் மீன் (நம் கானாங்கெளுத்தி மாதிரி) கண் வெளுத்து, வயிறு கொழகொழவென்று இருந்தது. வீசும்போதே சதை பிய்ந்து கடலில் விழுந்தது. காங்கருக்கு அழுகல்தான் பிடிக்கும் என்று சமாதானம் சொன்னார். அனுபவம் உள்ளவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அன்று பிடித்த மாக்கரலின் தலையையோ கணவாயையோதான் போடுவார்கள்.

நடு ராத்திரிக்கு மேல் மச்சானின் ராடு மெதுவாக இரண்டு முறை தலையாட்டியது, அப்புறம் அப்படியே வளைந்தது. கொஞ்ச நேரம் இழுபறி. சட்டென்று பாரம் போய்விட்டது. நரம்பைச் சுற்றி எடுத்து டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். கடைசி ஒரு சாண் நீளமும் பால் போல வெளுத்து, தட்டையாகி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போலச் சொரசொரவென்று இருந்தது. முனை பிசிறு பிசிறாக நின்றது. முள்ளோடு அந்த மீன் போய்விட்டது. வாயில் அவ்வளவு பெரிய முள்ளோடு அது என்ன பாடுபட்டிருக்கும்? காங்கர் பல வருடம் வளர்ந்து, ஆழ்கடலுக்குப் போய் ஒரே ஒரு முறை முட்டையிட்டு அதோடு இறந்துபோகிற உயிர்.

அந்த நேரத்தில் வழிகாட்டி மேலே காருக்குள் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு டார்ச். உயிர்காக்கும் மிதவைச் சட்டை கேட்டதற்கு, "இங்கே யாரும் போடுவதில்லை" என்றார். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் பிளிமத்தில் கடல் ஏறி இறங்கும் உயரம் நாலரை மீட்டரைத் தாண்டும். "மச்சான், வந்த வழியில தண்ணி ஏறுது" என்று அவன் கூப்பிட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். நாங்கள் இறங்கி வந்த பாறைப் படியில் அலை வழிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் வெளிச்சம் காட்டிக் கையைப் பிடித்து மேலே ஏற்றிவிட்டார். அவர் தன் டிரேஸையும் காட்டினார். எங்களுடையதைவிட மூன்று மடங்கு தடிமன். யாரிடம் பணம் கட்டுவதாக இருந்தாலும், முதலில் டிரேஸைக் காட்டச் சொல்லுங்கள், ஓத நேரம், அதாவது கடல் ஏறி இறங்கும் நேரம், என்ன என்று கேளுங்கள். தொழில் தெரிந்தவர் சந்தோஷமாகச் சொல்வார். தண்ணீரில் மாட்டிக்கொண்டால் 999 அழைத்துக் கடலோரக் காவல்படையைக் கேளுங்கள்.

மறுநாள் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "மீன் வருமென்று நான் உத்தரவாதம் கொடுக்கவில்லை" என்று ஒரு வரி பதில், அதோடு என்னை பிளாக் செய்துவிட்டார். நான் கேட்டது மீனுக்கான உத்தரவாதம் இல்லை. 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, காசு வாங்கிச் செய்யும் சேவையை நியாயமான அக்கறையோடும் திறமையோடும் செய்ய வேண்டும். சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்கிற இலவச ஆலோசனை அமைப்பு வழியாகப் புகார் கொடுத்திருக்கிறேன், அவர்கள் வணிக முறைகேடுகளை விசாரிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் துறைக்கு அனுப்புவார்கள். இவர் கார்டு வாங்க மாட்டார், வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்பச் சொல்வார். காரணம் இப்போது புரிகிறது. கார்டில் கட்டியிருந்தால் கார்டு கொடுத்த நிறுவனம் வழியாகப் பணத்தைத் திருப்பிக் கேட்டுப் பார்க்கலாம்.

விளம்பரம் இப்போது வேறு பெயரில் ஓடுகிறது. ஆள் உயர மீனைத் தூக்கிப் பிடித்திருக்கும் படம், "கரையில் பிடித்தது" என்ற வரி. படத்தின் இடது ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், படகின் கைப்பிடிக் கம்பி தெரியும். பெரிய காங்கர்கள் பெரும்பாலும் மூழ்கிய கப்பல்களின் மேல் படகிலிருந்து பிடிபடுபவை. 1995இல் டெவனின் பெர்ரி ஹெட் அருகே பிடிபட்ட, 60 கிலோவுக்கும் மேலான மீனும் படகில் பிடித்ததுதான். கரையிலிருந்து 10 கிலோ மீன் கிடைத்தாலே நல்ல இரவு என்பார்கள். அந்தப் படத்தைக் கண்டால் இந்தப் பதிவைக் கீழே ஒட்டிவிடுங்கள்.